ஊர் இல்லாத மாப்பிள்ளை

என் மாமனார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி எந்த ஊர்?" என்பது. அப்போது அவர் என் மாமனார் இல்லை. ஆகிற உத்தேசமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் அவர்கள் வீட்டு முன்னறையில், வேர்த்து வழிந்து, ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து உட்கார்ந்திருந்தேன். எனக்காகச் சுட்ட வடை ஆறி, மறுபடி சூடாக்கப்பட்டு, மறுபடியும் ஆறியிருந்தது.

"சண்டிகர்" என்றேன்.

"அது தெரியும் தம்பி. மகள் சொன்னவ. அது பட்டினம். ஊர் எது?"

"செக்டர் முப்பத்தைந்து."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தார். மகள் வடைத் தட்டைப் பார்த்தாள்.

ஏன் தாமதம் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், அதோடு கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அஞ்சல் எண்படி, நான் அப்போது வாடகைக்கு இருந்த அறை எஸ்.டபிள்யூ. பதினெட்டில். அவர்கள் வீடு எஸ்.டபிள்யூ. பத்தொன்பதில். பேட்டைகளுக்கு வரிசையாக எண் போட்ட சண்டிகரில் பிறந்தவனுக்கு இதற்குமேல் ஒரு தகவலும் வேண்டியதில்லை. பதினெட்டுக்குப் பக்கத்தில் பத்தொன்பது. நடுவில் ஒரு சாலை. கடந்தால் வேலை முடிந்தது. கைப்பேசியை எடுத்து வரைபடம் பார்ப்பது என் வளர்ப்புக்கே இழுக்கு என்று அது பையிலேயே இருக்க, வீறாப்பாக நடந்தேன். தெருப் பலகைகளில் பதினெட்டு, பதினெட்டு என்று வந்துகொண்டிருந்தது. பிறகு திடீரென்று பதினேழு. எண் குறைகிறது, அப்படியானால் தப்பான பக்கம் போகிறேன் என்று திரும்பி வந்தவழியே நடந்தேன். வேறு தெருவில் நுழைந்தேன். அங்கேயும் பதினேழு.

கடைசியில் டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடைக்காரரிடம் கேட்டேன். "நேர போங்கோ. பதினேழு முடிய பத்தொன்பது வரும்" என்றார். பதினெட்டு எங்கே போயிற்று என்றேன். "அது நீங்கள் வந்த பக்கம்" என்று சொல்லிவிட்டு, முருங்கைக்காயை அடுக்கப் போய்விட்டார். அவர் என்னைக் குடித்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த எண்களை இடத்தின் வரிசைப்படி வைக்கவில்லை, பேட்டைகளின் பெயர்களை அகரவரிசையில் எழுதி எண் போட்டார்கள் என்று பிறகு அலுவலகத்தில் ஒருவர் எனக்கு விளக்கினார். உலகத்தில் பாதியை ஆண்டவர்கள் தங்கள் தலைநகருக்கு எண் போட்ட அழகு அது.

நான் வேலை பார்ப்பது ஒரு கவுன்சிலின் சாலைப் பிரிவில். ஒரு நடைபாதைக் கல்லை நகர்த்த எட்டுக் கூட்டம் போடுவது எங்கள் தொழில். அதே கட்டடத்தில் வீட்டு வசதிப் பிரிவில் அந்த வீட்டு மகள் இருந்தாள். லிப்டில் ஆரம்பித்த பழக்கம். நான் லண்டனைத் திட்டுவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு வருடம் பொறுமையாகக் கேட்ட ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியது. ஆனால் அவள் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா ஓம் எண்டால்தான். அவர் ஓம் சொல்லாமல் நான் ரெஜிஸ்டர் ஒபிஸ் பக்கம் வரமாட்டன். அதுக்குப் பிறகு கோவிக்கக் கூடாது."

கோபிக்கவில்லை. அவர் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்கிற நம்பிக்கைதான். படித்தவன், நிரந்தர வேலை, குடிப்பழக்கம் இல்லை. போதாததற்கு நான் வந்திருப்பது நாட்டிலேயே ஒழுங்கான நகரத்திலிருந்து.

அந்த ஒழுங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சண்டிகர் ஒரு மாநிலத்துக்கு அல்ல, இரண்டு மாநிலங்களுக்குத் தலைநகர். இரண்டும் அதைத் தன்னுடையது என்கின்றன. உண்மையில் அது இரண்டுக்கும் சொந்தமில்லை, மத்திய அரசுக்குச் சொந்தம். அங்கே இருந்த கிராமங்களை வழித்து எடுத்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டுவந்து, வெள்ளைத் தாளில் கோடு போட்டு ஊரைக் கட்டினார்கள். மனித உடம்பைப் போல அமைத்தார் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தலைமைச் செயலகம் தலை. கடைத்தெரு இதயம். பூங்காக்கள் நுரையீரல். சாலைகள் ரத்தக்குழாய். தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த உடம்புக்கு வாய் வைக்க மறந்துவிட்டார் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

வாய் வைக்க இடம் இல்லை என்பதுதான் விஷயம். செக்டருக்கு நடுவில் கடை, அதற்குக் குறித்த நேரம். வீட்டுக்கு வேலி, வேலிக்குக் குறித்த உயரம். ஒரு சாலை முழுக்க ஒரே வகை மரம், அது குறித்த மாதத்தில் பூக்கும். முச்சந்தி கிடையாது, வட்டச்சந்திதான். அதில் கார் சுற்றும், ஆள் நிற்க மாட்டான். தெருமுனையில் நின்று அடுத்தவனைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்றால் தெருமுனையே இல்லை. செக்டர் பதின்மூன்று என்று ஒன்றும் என் காலத்தில் கிடையாது. அந்த எண் ராசியில்லை என்று விட்டுவிட்டார்கள். இவ்வளவு பகுத்தறிவாகக் கட்டிய ஊரில் அது ஒன்றுதான் மனிதர்கள் செய்த காரியம்.

அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் மத்திய அரசு உத்தியோகத்துக்கு வந்தவர்கள். எங்கள் அப்பாவும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கணக்கு அலுவலகத்துக்கு வந்தவர். நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிப் பேசியதில்லை. "இருபத்தொன்பது மாமி பட்சணம் கொடுத்தனுப்பினா." "நாற்பத்திநாலு மாமாவுக்குக் கண்ணு ஆபரேஷன்." ஒரு குடும்பம் வீடு மாறினால் பெயரும் மாறிவிடும். முப்பத்தேழு மாமி என்று நான் பத்து வருடம் கூப்பிட்டவர் இருபதுக்குப் போனதும், ஏற்கெனவே இருபதில் ஒரு மாமி இருந்ததால், புது இருபது மாமி ஆனார். இப்படி வளர்ந்தவனிடம் வந்து ஊர் எது என்றால் அவன் என்ன சொல்லுவான்.

கோலியர்ஸ் வுட் முன்னறைக்குத் திரும்புகிறேன். அவளுடைய அப்பா பல வருடம் பெற்றோல் ஷெட், அதாவது பெட்ரோல் பங்க், நடத்தி, இப்போது ஓய்வில் இருப்பவர். ஓய்வு என்றால் காலை முதல் மாலை வரை கைப்பேசியில் உலகத்தோடு பேசுவது. பொறுமையாக மறுபடி கேட்டார்.

"உங்கட அப்பான்ர ஊர்?"

சொன்னேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் ஒரே ஒரு தடவை, அதுவும் காரிலிருந்தபடியே பார்த்தது.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"யாரும் இல்லை."

"அம்மா?"

"அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகுது."

அவளுடைய அம்மா "ஐயோ" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். என்ன வருத்தம், அதாவது என்ன நோய், எங்கே வைத்துப் பார்த்தது, கடைசி நேரத்தில் பேசினாரா என்று கேட்டார். சிறுநீரகம், ஆஸ்பத்திரி, இல்லை என்று நான் மூன்று பதில் சொன்னேன். இன்னொரு வடை வைத்தார். அந்த வடையைச் சாப்பிடும்போது எனக்கு ஏனோ அவர் மேல் எரிச்சல் வந்தது. அம்மாவைப் பற்றி அவ்வளவு நேரம் என்னிடம் அதற்குமுன் யாரும் கேட்டதில்லை, அதனால் இருக்கலாம்.

கிளம்பும்போது அவளுடைய அப்பா வாசல்வரை வந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "குறை நினையாதேங்கோ தம்பி. நாங்கள் ஒருக்கா விசாரிக்க வேணும்."

இந்த விசாரிப்பு என்பதை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். லண்டனில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் மாப்பிள்ளையை விசாரிக்க ஆரம்பித்தால், உளவுத்துறைக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்ளலாம். முதலில் ஊர். ஊர் தெரிந்தால் ஒழுங்கை, அதாவது சந்து. ஒழுங்கை தெரிந்தால் அதன் முகப்பில் கடை வைத்திருந்தவர். அவர் இப்போது டொரன்டோவில் இருப்பார், அவருடைய மச்சான் பாரிஸில், மச்சானின் மனைவி வெம்பிளியில். இரண்டு நாளில், மாப்பிள்ளையின் பாட்டனார் யாருடைய வேலியை எத்தனை அடி தள்ளிப் போட்டார் என்பதுவரை வந்துவிடும். ஊர் கேட்பதில் சாதி கேட்பதும் அடக்கம் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் வாய்விட்டு ஒருவரும் சொல்வதில்லை. நாகரிகமானவர்கள்.

என் விஷயத்தில் அந்த இயந்திரம் அப்படியே நின்றுபோயிற்று. செக்டர் முப்பத்தைந்துக்கு டொரன்டோவில் ஆள் இல்லை. பாரிஸில் இல்லை. சிட்னியில் ஒருவர், அந்த நகரத்தில் ஒரு வருடம் படித்தவர், அகப்பட்டார். அவரிடம் அரைமணி நேரம் பேசியும் "நல்ல ரோட்டுகள்" என்பதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை.

"அப்பா நித்திரை கொள்ளேல்லை" என்று அவள் லிப்டில் சொன்னாள். "உங்களைப் பற்றி ஒரு கூடாத கதையாவது வந்தாலும் சமாளிப்பார். ஒண்டுமே வராததுதான் அவருக்குப் பயமாக் கிடக்கு."

"என்னைப் பற்றிக் கெட்டது ஒன்றும் இல்லை என்றால் அது என் தப்பா?"

"இல்லை. ஆனால் ஹூ ஆர் யூ எண்டு அவருக்குத் தெரியாது. அதுதான்."

அந்த நேரத்தில்தான் சவுத்தால் மாமா வந்து சேர்ந்தார். அவளுடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சவுத்தாலில் கம்பளி உடுப்புக் கடை. பஞ்சாபிக்காரர்களுக்கு நடுவில் கடை போட்டு, பஞ்சாபி மொழியை அவர்களைவிடச் சத்தமாகப் பேசுகிறவர். வருடத்துக்கு ஒரு தடவை லூதியானாவுக்குப் போய் ஸ்வெட்டர் கொள்முதல் செய்வார். லூதியானாவிலிருந்து சண்டிகர் இரண்டு மணி நேரப் பயணம். இந்தச் செய்தி தெரிந்ததும் கோலியர்ஸ் வுட்டில் பெரிய விளக்கே ஏற்றிவிட்டார்கள்.

"நான் போய் நேரில பாக்கிறன்" என்றாராம் மாமா. "அந்தப் பெடியன்ர அப்பாவுக்குச் சொல்லக் கூடாது. சொல்லிப்போட்டுப் போனால் அது விசாரிப்பில்லை, விருந்து."

அவள் இதை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எனக்குக் கொஞ்சமும் கவலை இல்லை. சொல்லப்போனால் பெருமையாக இருந்தது. முப்பது வருடத்துக்குமேல் அந்த வீட்டில் இருக்கிறோம். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, யார் வீட்டு வாசலிலும் எங்கள் குப்பை போனதில்லை. நல்லா விசாரிக்கட்டும் என்றேன். அப்பாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு நான் வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை, பேசுவது வழக்கம். குரல் மட்டும்தான். வீடியோவில் வரச்சொன்னால், "அதுக்கு மூஞ்சியைச் சரிபண்ணிக்கணும்" என்பார். சாப்பாடு ஆச்சா, ஆச்சு, குளிரா, குளிர், வைக்கட்டுமா, வை. எங்கள் குடும்பத்தில் இதற்குப் பெயர் நீண்ட உரையாடல்.

மாமா ஜனவரியில் போனார். லண்டனுக்குத் திரும்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. அவள் குரல் ஒருமாதிரி இருந்தது. "வாங்கோ. நேர கதைப்பம்" என்றாள், அவ்வளவுதான். இந்தத் தடவை ரயிலில் போனேன். சரியான நேரத்துக்கு. வடை இல்லை.

முன்னறையில் எல்லாரும் இருந்தார்கள். அவள் சன்னலோரமாக நின்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு கரைச்சலும் இல்லை. செக்டர், நம்பர், டக்கெண்டு போய் இறங்கினன். அங்கைதான் பிழைச்சது. ஒருத்தரிட்டயும் வழி கேக்கத் தேவையில்லாமல் போச்சு. வழி கேட்டால்தானே தம்பி கதை வரும். எங்கட ஊரில வழி சொல்லுறவன் பாதிச் சரித்திரம் சொல்லிப்போடுவான்."

இதை அவர் குற்றச்சாட்டாகவே சொன்னார். நகரத்தைத் திட்டமிட்டவர் அங்கே இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

"வலப்பக்க வீட்டில கேட்டன். அவை பதினைஞ்சு வருஷமா இருக்கினம். மதராசிக் குடும்பமோ, ஓம், நல்ல ஆக்களாக்கும், கேற் எப்பவும் பூட்டித்தான் கிடக்கும் எண்டினம். பேர் கேட்டன், தெரியாது. எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டன், ஒரு மகளோ மகனோ எண்டினம்."

"மகன்" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியும். அவைக்குத் தெரியேல்லை." மாமா தண்ணீர் குடித்தார். "பிறகு இடப்பக்கம். அந்த மனிசன் உங்களுக்கு முந்தியே அங்கை வந்தவராம். வயசானவர், நல்ல மனிசன், உள்ள கூப்பிட்டுத் தேத்தண்ணியும் தந்தார். அவரிட்ட கேட்டன்."

அதற்குமேல் பேச அவருக்குச் சங்கடமாக இருந்தது. பேச்சை அவளுடைய அப்பா வாங்கிக்கொண்டார்.

"தம்பி. நான் நேரடியாக் கேக்கிறன். உங்கட அம்மா உயிரோட இருக்கிறா எண்டு அவர் சொல்லியிருக்கிறார்."

நான் சிரித்துவிட்டேன். அது ஒரு மோசமான காரியம், இப்போதும் அதற்காக வருந்துகிறேன். ஆனால் அந்த நேரத்தில் வேறு என்ன வந்திருக்கும் என்று தெரியவில்லை.

"சிரிக்காதேங்கோ. நல்ல சுகமா இருக்கிறா, ஒவ்வொரு நாளும் விடிய பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்துறவ, கண்டால் தான் கும்பிடுறனான், அவவும் கையைக் காட்டுவா எண்டு சொன்னவராம். இருக்கிற தாயைச் செத்தவ எண்டு ஒரு பிள்ளை சொல்லுமோ? என்ன காரணம்? பிரிஞ்சிருக்கினமோ, வருத்தக்காரியோ, என்னெண்டாலும் சொல்லியிருக்கலாமே. நாங்கள் என்ன பேயாக்களா?"

எனக்குக் கோபம் வந்தது. சாதாரணமாக எனக்குக் கோபம் வந்தால் கிண்டல் வரும், அன்றைக்கு வரவில்லை. என் அம்மாவை நான் எரித்துவிட்டு வந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானம்; அதற்கும் அங்கே ஒழுங்காக ஒரு செக்டர் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அப்பாதான், எதற்கு அலைச்சல், யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்றார். காரியத்தை வேறு செக்டரில் இருக்கும் தமிழர் கோயிலில் செய்தோம். இருபத்தொன்பது வந்தார், நாற்பத்திநாலு வந்தார், புது இருபது வந்தார், சாப்பிட்டார்கள், போனார்கள். எங்கள் தெருவில் ஒரு செருப்புக்கூட அதிகமாகக் கழற்றப்படவில்லை. இதையெல்லாம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது.

"பக்கத்து வீட்டில செத்தவீடு நடந்து ஒருத்தருக்குத் தெரியாமல் இருக்குமோ?" என்றார் அவளுடைய அம்மா. கேலி இல்லை. அவரால் உண்மையாகவே அதைக் கற்பனை செய்ய முடியவில்லை. அவர்கள் வழக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் அரைமணியில் ஐந்து நாட்டுக்குச் செய்தி போகும், படத்தோடு அறிவித்தல் வரும், சனம் வீட்டில் நிற்க இடமில்லாமல் தெருவில் நிற்கும். அதுவும் இந்த லண்டனில், குளிரில். "ரெண்டு வருஷமாத் தெரியாமல் இருக்குமோ, பிள்ளை?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார்.

மகள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் என்னை நம்பவில்லையோ என்று எனக்கு அப்போது தோன்றியது. அவள் அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போகட்டும், இவள் பொய்யன் என்று நினைத்துவிட்டால் நான் எங்கே போவேன்.

கைப்பேசியை எடுத்தேன். "அப்பாவையே கேளுங்கள்" என்று சொல்லி, வழக்கத்துக்கு மாறாக வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கவில்லை. நீண்ட நேரம் அடித்தது. பிறகு திரையில் கூரை தெரிந்தது, காதுமடல் தெரிந்தது, கடைசியில் முகம்.

தலையோடு சேர்த்து ஒரு பச்சைச் சால்வையைப் போர்த்தியிருந்தார். ஓரத்தில் மாங்காய்ப் பூவேலை. அம்மாவின் சால்வை. குளிர்காலம் முழுக்க அவள் தோளிலிருந்து இறங்காதது. முகவாயை மறைத்துப் போர்த்தும் விதம்கூட அவளுடையது.

"என்னடா, ஞாயித்துக்கிழமை?" என்றார்.

அவளுடைய அப்பா கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். மகளைப் பற்றிச் சொன்னார். ஆள் அனுப்பி விசாரித்ததைச் சொன்னார், மன்னிக்க வேண்டும் என்றார். பிறகு, மிகவும் தயங்கி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. முகம் கொஞ்சம் கோணியது, அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

"அவர் பார்க்கறது என்னைத்தான் சார்" என்றார். "காலைல பனி ஜாஸ்தி. இவளோட சால்வையை இப்படித் தலையோட போத்திண்டு தண்ணி ஊத்துவேன். வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தா அவளாட்டம் இருக்கும்போல. ஒருநாள் 'பெஹன்ஜி'ன்னு, சகோதரின்னு கூப்பிட்டு, சௌக்கியமான்னு ஹிந்தில கேட்டார்."

"நீங்கள் சொல்லேல்லையா?"

"கையை ஆட்டிட்டு உள்ளே வந்துட்டேன்." அப்பா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். ஒருத்தராவது அவ இருக்கான்னு நெனைச்சிண்டிருக்காரே. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் சன்னலை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய அப்பா கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அண்ணை, சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றார் அப்பா. ஆர் சமைக்கிறது என்றார் இவர். நான்தான் என்றார் அவர். என்ன சமைப்பியள் என்றார் இவர். முப்பது வருடத்தில் எங்கள் தெருவில் யாரும் அப்பாவைக் கேட்டிராத கேள்விகள். சனிக்கிழமைகளில் நானும் கேட்டதில்லை. அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், ரசம் வைப்பதைப் பற்றி விளக்கமாகவே சொன்னார். வைக்கட்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவளுடைய அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்து, "விசாரிச்சது காணும்" என்றார், போதும் என்கிற அர்த்தத்தில். கல்யாணத்துக்கு அவர் சொன்ன சம்மதம் அது ஒன்றுதான். பிறகு அவளுடைய அம்மா கைப்பேசியைக் கேட்டு வாங்கினார். திரையில் இருந்த அந்தச் சால்வையைப் பார்த்ததும், முன்பின் பார்த்திராத என் அம்மாவுக்காக, அவர்கள் வழக்கப்படி, வாய்விட்டு அழுதார். அப்பா முதலில் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார். பிறகு அவரும் அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதவர், மயானத்தில் அழாதவர்.